தாழந்துறையின் ஆறாம் மணி

கடலை ஒட்டி வடக்கே நடந்தால் எங்கள் சிப்பிமுனை முடிகிற இடத்தில் ஒரு தாழம்புதர் இருக்கிறது, புதருக்கு அந்தப் பக்கம் தாழந்துறை, அந்த ஊருக்கு நாங்கள் பெண் கொடுத்திருக்கிறோம், பெண் எடுத்திருக்கிறோம், இரவல் கொடுத்த வலையைத் திரும்ப வாங்க முடியாமல் சண்டையும் போட்டிருக்கிறோம், ஆகவே அந்த ஊரைப் பற்றி நான் சொல்வதில் கொஞ்சம் கோபம் கலந்திருந்தால் கேட்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்த ஊரில் ஒரு நாள், தவக்காலமும் இல்லை, திருநாளும் இல்லை, சாதாரண ஒரு புதன்கிழமை, கோயிலில் மத்தியான மணி அடித்ததும் எல்லோரும் தூங்கிப்போனார்கள்.

மணி அடிக்கிற கோயில்பிள்ளை கயிற்றைப் பிடித்தபடியே சுவரோடு சரிந்தார், கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்த ஆண்கள் ஊசியை வலையிலேயே விட்டுவிட்டு வள்ளத்தின் நிழலில் சாய்ந்தார்கள், ஏலம் கூவியவர் பாதித் தொகையில் நின்றார், வாங்க வந்தவர் அந்தப் பாதித் தொகைக்கே தலையாட்டியபடி கண்ணை மூடினார், பள்ளிக்கூடத்தில் டீச்சர் கரும்பலகையில் ஒரு எழுத்தின் காலை இழுக்காமலே நாற்காலியில் உட்கார்ந்தார், கோழியும் ஆடும் நாயும் இருந்த இடத்தில் மடங்கின, தொட்டிலில் அழுத பிள்ளை அழுகையின் நடுவிலேயே அடங்கிற்று. காக்கைகள் மட்டும் தூங்கவில்லை, காக்கைக்கு ஊர் ஏது. கொடிமரத்தின் நிழல் நகர்ந்து நகர்ந்து கோயிலின் முதல் படியைத் தொட்டபோது எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள், வாயைத் துடைத்துக்கொண்டார்கள், விட்ட வேலையை விட்ட இடத்தில் தொட்டார்கள். மறுநாளும் அப்படியே நடந்தது. மணியை அடிக்காமல் இருந்து பார்த்தார்கள், அடிக்காத மணிக்கும் தூக்கம் வந்தது.

தூத்துக்குடியிலிருந்து டாக்டர்கள் வந்தார்கள், தண்ணீரை எடுத்தார்கள், மீனை எடுத்தார்கள், கோயில்பிள்ளையின் ரத்தத்தை எடுத்தார்கள், எடுத்துக்கொண்டிருக்கும்போதே மணி அடிக்க அவர்களும் தூங்கி எழுந்து, இப்படி ஒரு தூக்கம் கல்யாணத்துக்கு முன்னால் தூங்கியது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு ஊர் தன் நடப்பை அதற்கேற்ப மாற்றிக்கொண்டது. பஸ் டிரைவர் ஒரு தடவை ஸ்டீயரிங் மேலேயே கவிழ்ந்தார், நல்ல காலம் பஸ் மணலில் மாட்டி நின்றது, அதிலிருந்து மத்தியான பஸ் தாழம்புதரோடு திரும்ப ஆரம்பித்தது. கல்யாணப் பந்தியை முற்பகலிலேயே முடித்தார்கள். கடலுக்குள் இருந்தவர்களைத் தூக்கம் தொடாது, ஆனால் கரையில் கால் வைத்த மாத்திரத்தில் அலையிலேயே விழுந்துவிடுவார்கள் என்பதால் வள்ளங்கள் எல்லாம் மணிக்கு முன்னால் கரையேறின. சாயங்காலம் அந்த ஊர்க்காரர்களைச் சந்தையில் பார்த்தால் அப்போதுதான் குளித்து வந்தவர்கள் மாதிரி முகம் தெளிந்திருக்கும். எங்களுக்குப் பொறாமைதான், சொல்வதற்கென்ன.

ஒருத்தி மட்டும் தூங்கவில்லை. அவள் பிரகாசி, எங்கள் ஊர்ப் பெண், தாழந்துறை எஸ்தாக்கிக்கு நாங்கள் கட்டிக்கொடுத்தவள், நல்ல உயரம், உரக்கச் சிரிப்பாள், யாராவது கஷ்டம் என்று சொன்னால் சொல்லி முடிப்பதற்குள் எழுந்து நிற்பாள். அந்த முதல் புதன்கிழமை ஊரே செத்துவிட்டது என்று நினைத்துத் தெருத்தெருவாக அலறிக்கொண்டு ஓடினாள், வீட்டுக்கு வந்து புருஷனின் மூக்கில் காதை வைத்து மூச்சைக் கேட்ட பிறகுதான் அவளுக்குக் கால் நின்றது. அப்போது அடுப்பில் உலை பொங்கிக்கொண்டிருந்தது, இறக்கிவைத்தாள். அடுத்த வீட்டில் எஸ்தாக்கியின் அக்கா செலஸ்தீனாளின் உலையும் பொங்கிக்கொண்டிருந்தது, அதையும் இறக்கிவைத்தாள். அதற்கடுத்த வீட்டிலும் அடுப்பு எரிந்தது. அப்படித்தான் ஆரம்பித்தது.

அவளுக்கு மட்டும் ஏன் தூக்கம் வரவில்லை என்பதற்கு ஊர் ஒரு காரணம் கண்டுபிடித்தது. அந்தக் காலத்தில் ஞானஸ்நானத்தின்போது பிள்ளையின் நாக்கில் ஒரு கல் உப்பு வைப்பார்கள், சிப்பிமுனைக்காரர்கள் கவனமில்லாதவர்கள், பிரகாசிக்கு உப்பு வைக்க மறந்திருப்பார்கள் என்றார்கள். நாங்கள் மறக்கவில்லை, அவள் உப்புக்கு முகத்தைச் சுளித்ததை என் அம்மா கண்ணால் பார்த்திருக்கிறாள். ஆனால் தாழந்துறைக்காரர்களிடம் பேசி யார் ஜெயித்தது.

எது எப்படியோ, மத்தியான மணி அடித்தால் ஊர் பிரகாசியின் ஊர். எரிகிற அடுப்பை அணைப்பாள், திறந்த கதவைச் சாத்துவாள், வெயில் நகர நகரத் தொட்டில்களை நிழலுக்கு நகர்த்துவாள், வாசலில் விழுந்து கிடக்கிற பெரியவர்களின் தலைக்குக் கீழே துணியைச் சுருட்டி வைப்பாள். பிறகு கடற்கரைக்குப் போவாள். அங்கே ஊர் முழுவதின் நெத்திலியும் மணலில் வலை விரித்துக் காயப்போட்டிருக்கும், உச்சி வெயிலில் ஒரு தடவை புரட்டிப் போடாவிட்டால் ஒரு பக்கம் வெந்து மறுபக்கம் புழு வைத்துவிடும், ஆகவே ஓலை விளக்குமாறால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை புரட்டிக்கொண்டே, மற்றக் கையால் காக்கையை விரட்டிக்கொண்டே நடப்பாள். மேகம் மூடி நிழல் விழாத நாளில் நேரம் தெரியாமல் தூக்கம் நீண்டுவிடும், அன்றைக்கு அவள்தான் மணிக்கயிற்றை இழுத்து ஊரை எழுப்பவேண்டும். நன்றி தெரியாத ஊர் என்று சொல்லமாட்டேன். முதல் வள்ளம் கரையேறினால் முதல் மீன் பிரகாசிக்கு, மாதா சப்பரம் கிளம்பினால் முதல் மெழுகுதிரி பிரகாசிக்கு. அவளுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

பங்குச் சாமியார் லியாண்டர் படித்தவர், ரோமாபுரியில் இருந்துவிட்டு வந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் இந்தத் தூக்கத்துக்கு ஒரு பெயர் வைத்தார்.

"இங்கிலீஷில் இதற்குச் சியெஸ்தா என்று ஒரு சொல் இருக்கிறது," என்றார். "இங்கிலீஷ்காரனுக்கு அது சொந்தமில்லை, ஸ்பெயின்காரனிடம் வாங்கினான். ஸ்பெயின்காரன் லத்தீனிலிருந்து எடுத்தான். லத்தீனில் அதற்குத் தூக்கம் என்று அர்த்தமே இல்லை. ஆறாவது என்றுதான் அர்த்தம். சூரியன் உதித்ததிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் ஆறாம் மணி, அதாவது உச்சிப்பொழுது. அந்த மணியில் வேலையை நிறுத்தி, செபம் சொல்லி, தின்று படுத்தார்கள். நாளாக நாளாக எண்ணிக்கை மறந்துபோயிற்று, படுக்கை மட்டும் மிஞ்சிற்று."

சனங்கள் சிரித்தார்கள். சாமியார் கையைத் தூக்கினார்.

"ஆனால் ஆறாம் மணி என்று சொல்லவேண்டுமானால் ஒருத்தர் விழித்திருந்து எண்ணவேண்டும். பழைய மடங்களில் அதற்கென்றே ஒரு சகோதரர் இருப்பார். எல்லோரும் படுத்த பிறகும் அவர் படுக்கமாட்டார். அவர் எண்ணியதால்தான் மற்றவர்களுக்கு ஓய்வு என்று ஒன்று இருந்தது. அந்தச் சொல்லைப் பெற்றவர் அவர்தான், தூங்கினவர்கள் இல்லை."

கோயில் முழுக்கத் திரும்பிப் பெண்கள் பக்கத்தில் மூன்றாம் வரிசையில் முட்டிபோட்டிருந்த பிரகாசியைப் பார்த்தது. அவள் முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து ஊர் அந்தத் தூக்கத்தைச் சேஸ்தா என்று சொல்ல ஆரம்பித்தது, சேஸ்தாவுக்கு முன்னால் வா, சேஸ்தா முடிந்து போ என்று சின்னப் பிள்ளைகள்கூடப் பேசின, ரோமாபுரியே தங்கள் ஊரில் வந்து படுத்துவிட்ட மாதிரி ஒரு மிதப்பு.

தூங்குகிறவர்கள் நடுவில் தினம் தினம் தனியாக நடக்கிறவள் என்ன செய்வாள், பேச ஆரம்பித்தாள். முதலில் சும்மா கேலிதான். கோயில்பிள்ளையின் குறட்டையை அவரிடமே பழித்துக் காட்டுவாள், கஞ்சக்கார ஏலக்காரரின் காதில் ஒரு தொகையைக் கூவிவிட்டு வருவாள். பிறகு கேலி தீர்ந்து மனசில் இருப்பது வர ஆரம்பித்தது. முட்டி வலிக்கிறது என்று எஸ்தாக்கியிடம் சொன்னாள். ஒரே ஒரு நாள் உங்கள் பக்கத்தில் இந்தப் பாயில் படுத்து, இந்த வெயில் எனக்கும் இல்லை இந்தக் காக்கை எனக்கும் இல்லை என்று கிடந்தால் எப்படி இருக்கும் என்று சொன்னாள். முழித்திருக்கும்போது புருஷனிடம் சொல்லாததையெல்லாம் தூங்கும்போது சொன்னாள், அவனுக்கு வருத்தம் வராது, அவளுக்கும் பாரம் குறையும்.

அவளுக்கு ஒரு பிள்ளை பிறந்தது, மூச்சில்லாமல் பிறந்தது. ஞானஸ்நானம் வாங்காத பிள்ளையைக் கல்லறைத் தோட்டத்துக்குள் அடக்குவதில்லை, சுவருக்கு வெளியே எஸ்தாக்கியே குழி தோண்டி வைத்துவிட்டு வந்தான். ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்குப் பெயரும் இல்லை. ஆனால் பிரகாசி மனசுக்குள் ஒரு பெயர் வைத்திருந்தாள். சாமியாரிடம் சொல்லவில்லை, புருஷனிடம் சொல்லவில்லை, எங்களிடமும் சொல்லவில்லை. தூங்குகிறவர்களிடம் மட்டும் சொன்னாள். எஸ்தாக்கியின் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "நம்ம செராபின் இருந்தா இந்நேரம் காக்கா வெரட்டுவா," என்பாள். செலஸ்தீனாளின் முகத்தில் வெயில் படாமல் முந்தானையை இழுத்துவிட்டபடி, "மைனி, எங்க செராபினுக்கு உங்க மூக்குதான் மைனி," என்பாள். அந்தப் பெயர் அந்த ஊரில் யாருக்கும் கிடையாது, எங்கள் ஊரிலும் கிடையாது.

ஒரு கார்காலத்தில் நாய்கள் மத்தியானத்தில் தூங்காமல் திரிய ஆரம்பித்தன. பிரகாசி அதைச் சொன்னபோது ஊரில் எல்லோரும் கையிலிருந்த வேலையைக் குனிந்து பார்த்தார்கள், பிறகு ஏலக்காரர், மிருகங்களுக்கு விட்டுப்போச்சு போல என்றார், ஆமாம் ஆமாம் என்றார்கள். பிறகு கைப்பிள்ளைகள் அந்த நேரத்தில் அழ ஆரம்பித்தன, தாய்மார்கள் பக்கத்தில் மரக்கட்டையாகக் கிடக்கப் பிரகாசி ஓடி ஓடித் தொட்டில் ஆட்டினாள். பல் முளைக்காத பிள்ளையைச் சேஸ்தா பிடிக்காது என்று செலஸ்தீனாள் விளக்கம் சொன்னாள். பல் முளைத்த பிள்ளைகளுக்குத் தாய்மார்கள் வேறு ஏதோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள். பிரகாசி எல்லாவற்றையும் நம்பினாள். நம்புவதற்கு அவளுக்கு என்ன கஷ்டம், அவர்கள் அவளுடைய சனங்கள்.

முட்டி வீங்கிப்போன ஒரு நாள் காலையில், எஸ்தாக்கி நன்றாக விழித்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கும்போது கேட்டாள்.

"இங்கேருங்க, பெரிய வியாழக்கிழமை ஆராதனைக்கு ஒவ்வொரு தெருவும் முறை வச்சு முழிக்கோம்லா. அது மாதிரி இதுக்கும் ஒரு முறை இருந்தா நல்லாருக்கும்."

எஸ்தாக்கி கஞ்சிச் சட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "முழிக்க முடிஞ்சவங்களுக்குத்தான முறை. நாங்க என்ன செய்ய, மணி அடிச்சா எங்க கையிலயா இருக்கு."

"அது சரிதான். ஒரு நாள் நானும் சும்மா படுத்துக்கிட்டா?"

"நீ படுத்தா ஊரு என்னத்துக்கு ஆகும் பிள்ள."

அவளும் அதை யோசித்தாள், ஊரைப் பற்றி அவன் இவ்வளவு அக்கறையாகப் பேசுகிறானே என்று சந்தோஷம்கூடப் பட்டாள். துணியைக் கிழித்து முட்டியில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நெத்திலி புரட்டப் போனாள்.

செலஸ்தீனாளின் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஞானஸ்நானம், நாங்களும் போயிருந்தோம், எனக்கு அன்றைக்குத் தூணோரம் இடம் கிடைத்தது. பிரகாசி குழந்தையின் வெள்ளைத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். பிள்ளைக்கு என்ன பெயர் என்று சாமியார் கேட்டார். குழந்தையை ஏந்தியிருந்த செலஸ்தீனாள், "செராபின்," என்றாள்.

பிரகாசி நல்ல பெயர் என்பதுபோல முதலில் சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. அவள் செலஸ்தீனாளைப் பார்த்தாள், செலஸ்தீனாள் குழந்தையின் நெற்றியைப் பார்த்தாள். எஸ்தாக்கியைப் பார்த்தாள், அவன் பீடத்தைப் பார்த்தான். பிறகு அவள் கோயிலைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்க்க, பார்த்த முகமெல்லாம் வேறு எங்கோ திரும்பிற்று, சாமியார் தண்ணீரை ஊற்றவேண்டியவர் கிண்டியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார். அப்போது அவளுக்கு நாய்கள் ஞாபகம் வந்தன. தொட்டிலில் அழுத பிள்ளைகள் ஞாபகம் வந்தன. முட்டி வலிக்கிறது என்று சொன்னது, ஒரே ஒரு நாள் படுக்கவேண்டும் என்று சொன்னது, சுவருக்கு வெளியே கிடக்கிற தன் பிள்ளையைப் பற்றிச் சொன்னது எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. எத்தனையோ வருஷமாக யாருமே தூங்கவில்லை, எல்லோரும் படுத்துக்கொண்டு அவள் பேசியதைக் கேட்டிருக்கிறார்கள். வெள்ளைத் துணியைக் குழந்தையின் மேல் போர்த்திவிட்டு அவள் வெளியே போனாள். நான் பின்னால் போய், என்ன பிள்ள, என்று கேட்டேன். ஒன்றுமில்லை, வெயில், என்றாள்.

மறுநாள் மத்தியான மணி அடித்தது. எல்லோரும் வழக்கம்போல விழுந்தார்கள், கொஞ்சம் அவசரமாகவே விழுந்தார்கள். பிரகாசி அடுப்பை அணைக்கவில்லை, கதவைச் சாத்தவில்லை. எஸ்தாக்கியின் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முகத்தையே பார்த்தாள். ஒரு ஈ அவன் உதட்டில் உட்கார்ந்தது, அவன் கைவிரல் லேசாக எழும்பி மறுபடி படுத்தது.

"எழும்புங்க," என்றாள். "நான் சண்ட போடமாட்டேன். யாருட்டயும் சொல்லமாட்டேன். கண்ணத் தொறந்து என்னப் பாத்தாப் போதும்."

அவன் மூச்சை ஒரே சீராக விட்டுக்கொண்டிருந்தான்.

"செராபின எந்த எடத்துல வச்சீங்கன்னு நீங்க எனக்குக் காட்டவே இல்ல. எந்தப் பக்கத்துச் சுவருன்னு மட்டும் சொல்லுங்க."

மூடியிருந்த கண்ணின் ஓரத்திலிருந்து தண்ணீர் கசிந்து காதுக்குள் இறங்கிற்று. கண் திறக்கவில்லை. அவள் அந்தத் தண்ணீரைத் துடைக்கக் கையை நீட்டி, நீட்டிய கையை எடுத்துக்கொண்டாள். பிறகு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

"மைனி, நீங்க எழும்புங்க." செலஸ்தீனாள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள், முதுகு கல்லாக இருந்தது. தெருவில் இறங்கி ஒவ்வொரு வாசலிலும் நின்று, ஒருத்தர் எழும்பினால் போதும், ஒரே ஒருத்தர், என்று கேட்டுக்கொண்டே போனாள், திட்டவில்லை, அழவில்லை, தண்ணீர் கேட்கிற குரலில் கேட்டாள். சாமியார் வீட்டில் அவர் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கிடந்தார், கையில் செபமாலை. "சாமி, நீங்களாவது," என்றாள். சாமியாரின் கட்டைவிரல் ஒரு மணியை விட்டு அடுத்த மணிக்கு நகர்ந்தது. நகர்ந்ததை அவள் பார்த்தாள் என்று அவருக்கும் தெரிந்தது, அதற்குப் பிறகு விரல் நகரவில்லை.

அவள் கடற்கரைக்கு வந்தபோது காற்று மாறிவிட்டது. காலை முழுக்க மேற்கேயிருந்து அடித்த கச்சான் நின்று, கிழக்கே கடலுக்கு மேல் கருமேகம் ஏறிக்கொண்டிருந்தது. மணலில் அந்தப் பருவத்து நெத்திலி முழுவதும் காய்ந்து வெள்ளிச் சருகாகக் கிடந்தது, மறுநாள் லாரி வரவேண்டும், வலையின் நாலு முனையையும் இழுத்து மூட்டையாக்கிக் கொட்டகைக்குள் சேர்க்க அவள் ஒருத்திக்கே நேரம் இருந்தது, எத்தனையோ தடவை அப்படிச் சேர்த்திருக்கிறாள். பழக்க தோஷத்தில் முதல் வலையின் முனையைப் பிடித்துக்கூடவிட்டாள். வள்ளத்து நிழலில் படுத்திருந்த ஆண்களை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள், ஏலக்காரரின் ஒரு கண் பாதி திறந்து மேகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று மூடிக்கொண்டது. அவள் வலையைக் கீழே போட்டாள். காய்ந்த நெத்திலிக்கு நடுவில் மணலில் கொஞ்சம் இடம் ஒதுக்கினாள், முந்தானையைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு, முட்டிக் கட்டை அவிழ்த்துவிட்டுப் படுத்தாள்.

மழை வந்தது, பெரிய துளியாக, அவசரமில்லாமல் வந்தது. நெத்திலி நனைந்து ஊறி மணலோடு ஒட்ட ஆரம்பித்தது. வள்ளத்தோரம் கிடந்த ஆண்களின் முகத்தில் விழுந்தது, வாய்க்குள் விழுந்தது, ஒருவரும் அசையவில்லை. வாசல்களில் கிடந்த பெண்கள் கிடந்தபடி நனைந்தார்கள், கூரை ஒழுகிற வீட்டில் ஒழுகிற இடத்தில் படுத்திருந்தவர்கள்கூட நகரவில்லை. எழுந்தால் நெத்திலி தப்பிக்கும், ஆனால் முதலில் எழுகிறவன் முழித்திருந்தவன் ஆகிவிடுவான், அந்தப் பட்டத்தை எடுத்துக்கொள்ள அந்த ஊரில் ஆள் இல்லை. அவள் இதோ எழுந்துவிடுவாள், பிரகாசியாவது படுத்துக் கிடப்பதாவது என்று ஒவ்வொருவரும் ஒரு கண்ணின் ஓரத்தால் பார்த்துக்கொண்டே கிடந்தார்கள். சூரியன் மறைந்ததால் கொடிமரத்தின் நிழல் விழவில்லை. நிழல் விழாத நாளில் மணி அடித்து எழுப்பவேண்டியவள் அவள்தான். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள், அந்த ஊருக்கு வாழ வந்த பிறகு முதல் தடவையாகப் பட்டப்பகலில், வாயைத் திறந்துகொண்டு, மழையில்.

எழுந்தபோது மழை விட்டிருந்தது. அவள் புடவையைப் பிழிந்துகொண்டு, கிடந்தவர்களைத் தாண்டித் தாண்டிக் கோயில் பக்கம் வந்தாள். மணிக்கயிறு நனைந்து தொங்கிக்கொண்டிருந்தது, அதன் கீழே கோயில்பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டு, இப்போது இழுப்பாள், இப்போது இழுப்பாள் என்று காத்துக் கிடந்தார். அவள் கயிற்றைக் கையில் பிடித்தாள். பிடித்து, சேறு படாமல் ஆணியில் சுருட்டி மாட்டிவிட்டு, தாழம்புதரைத் தாண்டி எங்கள் ஊருக்கு நடந்து வந்தாள். அவர்கள் எத்தனை நேரம் கிடந்தார்கள், யார் முதலில் எழுந்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. தாழந்துறையில் யாரைக் கேட்டாலும், நான் எழுந்தபோது எல்லோரும் எழுந்திருந்தார்கள் என்றுதான் சொல்கிறார்கள்.

நடந்ததை எல்லாம் ஒரே தடவை எங்களிடம் சொன்னாள். பிறகு ஒரு பாய் கேட்டாள்.

மறுநாள் உச்சிப்பொழுதில் எஸ்தாக்கி வந்தான். வடக்கே தாழந்துறையில் மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே, கண்ணைத் திறந்துகொண்டு, எல்லோரும் பார்க்க எங்கள் தெருவில் நடந்து வந்தான். பிரகாசி கூடத்தில் சுவர் பக்கமாகப் படுத்திருந்தாள். அவன் எங்களைப் பார்க்காமல் அவள் தலைமாட்டில் உட்கார்ந்தான்.

"முழிப்பு தட்டுன மொத நாளு நான் மட்டுந்தான் முழிச்சிருக்கேன்னு நெனச்சேன்," என்றான். "நீ அக்கா வீட்டு உலைய எறக்கிக்கிட்டு இருந்த. எழும்பி ஒரு கை குடுப்போம்னுதான் நெனச்சேன். இன்னிக்கு ஒரு நாள் படுத்துக்கிடுவோம், நாளைக்குச் சொல்லிக்கிடுவோம்னு படுத்துட்டேன். மறுநா சொன்னா நேத்து ஏன் சொல்லலன்னு கேப்பியேன்னு இருந்துது. எல்லாருக்கும் அப்படித்தான் பிள்ள. யாரும் யாருட்டயும் பேசி வச்சுக்கிடல."

அவள் மூச்சு ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.

"அக்கா கெட்ட மனசுல அந்தப் பேர வைக்கல. ஒரு பிள்ளைக்காவது இருக்கட்டும்னு வச்சா." பாயின் ஓரத்தை நீவிவிட்டான். "தெக்குப் பக்கச் சுவரு. பூவரசமரம் நிக்கிதுல்லா, அதுக்கு நேரா. எனக்கும் அந்தப் பேரு பிடிச்சிருந்துது. நீ மொதத் தடவ சொன்னன்னைக்கே பிடிச்சிருந்துது."

எங்களுக்கு அவனுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவும் தோன்றிற்று, அதே சமயம் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளவும் தோன்றிற்று, இரண்டும் செய்யாமல் நின்றோம். அவன் தரையில் கையை ஊன்றிக் குனிந்து அவள் முகத்துக்கு வெகு பக்கத்தில் போனான்.

"ஒறங்குதாளா?" என்று எங்களிடம் கேட்டான்.

"எங்களுக்குத் தெரியல மாப்ள," என்றோம். அது உண்மைதான். மணி ஓய்ந்து வெகுநேரமாகியும் அவன் குனிந்தபடியே அவள் இமைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.